விக் வைத்த பேய்கள்

விஸ்காம் மாணவர்களின் திகில் குறும்படத்தில் ஒரு பெண் தனியாக மாடிப்படி ஏறினால் அவள் இறங்கி வரமாட்டாள். எடுத்த பையனுக்கும் நடித்த பெண்ணுக்கும் பார்க்கிற நமக்கும் இது முன்கூட்டியே தெரியும். ஆனாலும் வயலின் இழுக்கும், கேமரா அவள் கணுக்காலைத் தொடரும், மேலே ஒரு கதவு பாதி திறந்திருக்கும். கல்லூரிகளுக்கு எக்ஸ்டர்னல் தேர்வாளராகப் போய்வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதங்களில் இப்படிப் படியேறிப் போனவர்களை எண்ணி மாளாது.

"ஹாரர் இல்ல மேம், சைக்கலாஜிக்கல் ஹாரர்" என்று என்னைத் திருத்துவார்கள். ஹாரரின் முடிவில் பேய் வரும். சைக்கலாஜிக்கல் ஹாரரின் முடிவில் டாக்டர் வருவார். நடந்ததெல்லாம் அந்தப் பெண்ணின் மனசுக்குள்தான் என்று வெள்ளைக் கோட்டில் ஒருவர் சொல்ல, படம் முடிந்துவிடும். கையில் காசில்லாதவர்களுக்கு இது தோதான வகை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிராஃபிக்ஸ் வேண்டாம், சண்டை வேண்டாம், கூட்டம் வேண்டாம். ஒரு வீடு, ஒரு எல்இடி விளக்கு, ஒரு முகம் போதும். அந்த முகம் ஏன் எப்போதும் பெண் முகம் என்று வைவாவில் கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "கதைக்குத் தேவைப்பட்டுச்சு மேம்."

ப்ராஜெக்ட் அறிக்கையில் பாலினச் சித்திரிப்புக்கு ஒரு பத்தி, இலக்குப் பார்வையாளருக்கு ஒரு பத்தி உண்டு. இரண்டும் சமர்ப்பிப்பதற்கு முந்தின ராத்திரி எழுதப்படுபவை. இங்கிலாந்திலும் இதே சங்கதிதான் இருந்தது. அங்கே ஓசிஆர் தேர்வு வாரியம் 2008இல் கொண்டுவந்த மீடியா பாடத்திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகள் முதலில் ஒரு சின்னப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் கதவைத் திறந்து அறையைக் கடந்து வந்து, இன்னொருவர் எதிரே உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசவேண்டும், அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு கதைப்படத்தின் தொடக்கத்தை டைட்டிலோடு அதிகபட்சம் 2 நிமிடத்துக்கு எடுக்க வேண்டியிருந்தது. கடைசியாக 7 கேள்விகள். எந்தச் சமூகக் குழுவை எப்படிக் காட்டினாய் என்பது ஒன்று. உன் பார்வையாளர் யார் என்பது இன்னொன்று. 2 நிமிடத்தில் சிரிக்கவைப்பது கஷ்டம், பயமுறுத்துவது சுலபம். அதனால் பலர் திரில்லர் பக்கமும் திகில் பக்கமும் சாய்ந்தார்கள். படத்துக்கு 15 வயதுச் சான்றிதழ் கேட்பதிலும் ஒரு நியாயம் இருந்தது. 18 என்று போட்டால், 16, 17 வயதில் படத்தை எடுத்தவர்களையே தியேட்டருக்குள் விடமாட்டார்கள்.

இலக்குப் பார்வையாளர் பத்தியில் நம் பிள்ளைகள் எழுதுவது "15 முதல் 25 வயது வரை, இருபாலர்." இந்த 'இருபாலர்' என்ற இடத்தில்தான் நான் பேனாவை வைத்துவிடுவேன். கேமரா அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. அங்கே நடப்பது யார்? கதைப்படி கொலைகாரன். அவன் கண்ணால்தான் நாமும் பார்க்கிறோம். பின்வரிசைப் பையன்களுக்கு அது விறுவிறுப்பு. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குப் போகும்போது கேட்கப்போகும் செருப்புச் சத்தம் அது. அவளுக்கு அதில் புதுசாக என்ன திகில்? அவளுடைய அன்றாடத்தைக் கடன் வாங்கி, பிஜிஎம் போட்டு, அவளிடமே திருப்பிக் காட்டுகிறார்கள். யாரைக் காட்டுகிறாய், யாருக்குக் காட்டுகிறாய் என்பவை அறிக்கையில் தனித்தனிப் பத்திகளாக இருக்கலாம். எனக்கு அவை இரண்டும் ஒரே கேள்விதான்: நீ பயமுறுத்த நினைப்பது யாரை?

பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள்? இன்று மூன்றாமாண்டு படிப்பவர்கள் ஏறக்குறைய 2005ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அந்த வருஷம் தமிழில் பிளவுபட்ட மனசைப் பற்றி இரண்டு பெரிய படங்கள் வந்தன. ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. ஒன்றில் நோய் பெண்ணுக்கு, இன்னொன்றில் ஆணுக்கு. 'சந்திரமுகி'யில் கங்காவின் நோய் ஒரு அரண்மனையையே நடுங்கவைக்கிறது. ஒரு மனநல மருத்துவர் வந்து, ஊரைக் கூட்டி, பொம்மையை எரிக்கவைத்து அதை வெளியே அனுப்புகிறார். நோய் கழன்றதும் அவள் பழையபடி நல்ல மனைவி. 'அந்நியன்' படத்து அம்பியின் நோயோ ஊரைத் திருத்துகிறது. கருட புராணத்தைப் புரட்டிப் பார்த்துத் தண்டனை கொடுக்கிறது. நேரு ஸ்டேடியத்தில் கூட்டம் கூட்டிப் பேசுகிறது. சிகிச்சை முடிந்து வெளியே வந்த பிறகும் ஓடும் ரயிலிலிருந்து ஒருவனைத் தள்ளிவிடுகிறது, தியேட்டரில் விசில் பறக்கிறது. பெண்ணின் நோய் ஓட்டவேண்டிய பேய், ஆணின் நோய் வேண்டிக்கொள்ளப்படும் சாமி. இரண்டு படங்களையும் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்த பிள்ளை கேமராவைத் தூக்கும்போது கை தானாக எந்தப் பக்கம் போகும்?

அதற்கு முந்தியும் கதை இதுதான். 'சிகப்பு ரோஜாக்கள்' 1978, 'மூடுபனி' 1980. இரண்டிலும் கொலைகாரன் ஆண், சாவது பெண்கள். இரண்டுமே கைதேர்ந்த படங்கள். 'மூடுபனி'யின் ஒளியை இன்றும் வகுப்பில் போட்டுக் காட்டலாம், நானும் காட்டுவேன். ஆனால் கணக்கு எப்படி என்றால், கொல்கிறவனுக்கு ஒரு குழந்தைப் பருவமும் அதில் ஒரு காயமும் ஃப்ளாஷ்பேக்கில் கிடைக்கும். செத்தவளுக்குப் பெயர் கிடைத்தாலே பெரிசு.

ஊர்ப்பக்கம் பயமுறுத்த முனியும் உண்டு, மோகினியும் உண்டு. பனைமரத்து முனிக்குப் பயந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய தாத்தாக்கள் எல்லோர் வீட்டிலும் இருந்தார்கள். சினிமாவில் முனிக்கு ஆயுசு கம்மி. ராகவா லாரன்ஸ் 2007இல் 'முனி' என்றுதான் தொடரைத் தொடங்கினார், ராஜ்கிரண் பேயாக வந்தார். அதே தொடர் 2011இல் 'காஞ்சனா' ஆனது. சரத்குமார் நடித்த திருநங்கைப் பாத்திரம்தான் அதில் மனசில் நின்றது. அதன் பிறகு முனியை யாரும் தேடவில்லை.

ஆண் தன்னுடைய பயத்தை எடுக்க முடியாதா? எடுத்திருக்கிறார்கள், அதுவும் மாணவர்களாக இருந்தபோதே. டேவிட் லிஞ்ச் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படிக்கும்போது தொடங்கி, காசு தீர்ந்து, நின்று, மறுபடி தொடங்கி, 1977இல் வெளியிட்ட படம் 'இரேசர்ஹெட்'. அப்பாவாகிவிட்ட ஒருவன், துணியில் சுற்றிய இனம் தெரியாத ஒரு பிண்டம் ராத்திரியெல்லாம் அழுவதைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். அதில் படியேறும் பெண் கிடையாது. இலக்குப் பார்வையாளர் என்று அன்று அவரை யாராவது கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! நள்ளிரவுக் காட்சிகளாக ஓடி ஓடி அது தன் ஆட்களைத் தானே தேடிக்கொண்டது. அதே பள்ளியில் 2011இல் ஆரி ஆஸ்டர் பட்டப்படிப்புக்காக எடுத்த குறும்படத்தில், மகன் தகப்பனைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறான். தாய் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாள். பார்க்கவே முடியாத படம். எல்லோருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் வீட்டுக்குள் வதைபடுகிறவன் ஒரு பெரிய மனுஷன், அப்பா என்ற ஒரே மாற்றத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் நிலைகுலைந்து போகிறார்கள். அந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் இத்தனை பேர் அதிர்ந்திருப்பார்களா?

நம் பையன்களுக்குப் பயமே இல்லையா என்ன? அரியர் இருக்கிறது. வேலை கிடைக்காத அண்ணன் வீட்டில் இருக்கிறான். வெட்டவெளியில் அழுதால் நண்பர்கள் கூப்பிடும் பெயர் இருக்கிறது. இதையெல்லாம் படமாக எடுத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று கூசுகிறார்கள். ஒரு பெண் முகத்தை முன்னால் நிறுத்திவிட்டால் கூச்சம் போய்விடுகிறது. கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' குறும்படங்களிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா' எடுத்தபோது, இருட்டு வீட்டில் மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போனவன் ஒரு பையன். அவன் காதலிதான் பேய்க்கதை எழுத ஆசைப்படுகிறவள். விஸ்காம் பையன்களுக்கு அந்தப் படம் மனப்பாடம். அதிலிருந்து டார்ச் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு காரணம் இருக்கிறது. எந்தத் தியரி புத்தகத்திலும் இருக்காது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியக் காரணமாகப் படுகிறது. திகில் படத்தை ராத்திரியில் எடுக்க வேண்டும். பெண்கள் விடுதிக்குச் சாயங்காலமே பூட்டு. பல இடங்களில் ஆண்கள் விடுதிக்கு இல்லாத பூட்டு அது. 2015இல் டெல்லி மாணவிகள் பிஞ்ரா தோட் (கூண்டை உடை) என்று தெருவுக்கு வந்ததும் இந்தப் பூட்டுக்காகத்தான். இங்கே அது நேரே கேமராவுக்குப் பின்னால் யார் நிற்பது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. ஒளிப்பதிவு, லைட்டிங், டைரக்‌ஷன் எல்லாம் ராத்திரி இருக்க முடிகிறவர்களுக்குப் போய்விடும். பெண்பிள்ளைக்கு நடிப்பு, காஸ்ட்யூம், அப்புறம் அறிக்கை டைப் அடிப்பது. அவள் நடிக்கவேண்டிய ஷாட்டுகளை 6 மணிக்குள் எடுத்து, கிரேடிங்கில் நீலமாக்கி இரவாக்கிவிடுவார்கள். அதற்குமேல் தேவைப்படும் நீளக்கூந்தல் பேய்க்கு, குழுவிலேயே ஒல்லியாக இருக்கும் ஒரு பையனுக்கு விக் வைத்து, யாருடைய அக்காவிடமிருந்தோ வாங்கிய நைட்டியை மாட்டிவிடுவார்கள். திரையில் பயமுறுத்துகிறவள் பெண். எடுத்த இடத்தில் ஒரு பெண்கூட இல்லை. இந்தப் பேய்களின் தாடையில் முளைவிட்ட தாடியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து வந்து போகும் ஒரு மாணவி எடுத்த படத்தைச் சொல்லவேண்டும். இருட்டே கிடையாது. பட்டப்பகல், சமையலறை. 'மூணு விசில் வந்ததும் அணைச்சிடு' என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போகிறாள். ஒரு விசில், இரண்டு விசில், மூன்று. பெண் எழுந்து போய் அணைக்கிறாள். உட்காருகிறாள். நாலாவது விசில் வருகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்துதான் இருக்கிறது. ஐந்தாவது வருகிறது. படம் முழுக்க இதுதான். ஒரு கட்டத்தில் குக்கரையே பரணில் தூக்கி வைத்துவிடுகிறாள். அங்கிருந்தும் விசில் வருகிறது. கூட இருந்த பேராசிரியர், "ஹாரர் எலிமென்ட் போதலையே" என்றார். பின்னால் லேப் உதவியாளர் அம்மாவும், பெருக்க வந்து நின்றுவிட்ட ஆயாவும் ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு ஆடியன்ஸ் யாரும்மா?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா, மேம்."

"அவங்க பாத்தாங்களா?"

"பாத்தாங்க. பாதியில எந்திரிச்சுப் போய் கேஸ ஆஃப் பண்ணிட்டு வந்தாங்க."

பயமுறுத்துவது என்றால் அதுதான். அறிக்கையில் அவளும் 15 முதல் 25 என்றுதான் போட்டிருந்தாள், பாவம். படிவத்தில் அம்மாக்களுக்கு இடம் இல்லை. பேய்ப்படத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் துணைக்கு யாராவது வேண்டும் என்றொரு நினைப்பு இருக்கிறது. ஆனால் அஷ்வின் சரவணனின் முதல் படமான 'மாயா'வில், 2015இல், நயன்தாரா ஏற்ற பாத்திரம் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கடனில் தத்தளிக்கும் ஒரு தாய். பரிசுப் பணத்துக்காகத் தியேட்டரில் ஒரு திகில் படத்தைத் தன்னந்தனியாகப் பார்க்க உட்காருகிறாள். அந்தப் படத்தில் இலக்குப் பார்வையாளரே கதாநாயகிதான். அனா லிலி அமிர்பூர் 2014இல் எடுத்த பாரசீக மொழிப் படத்தில், ராத்திரியில் ஒரு பெண் தனியாக வீட்டுக்கு நடந்து போகிறாள். கறுப்பு சாதர் போர்த்திய அவள்தான் ரத்தக்காட்டேரி. அவளைப் பார்த்து மற்றவர்கள்தான் சுவரோரம் ஒதுங்க வேண்டும். நம் குறும்படங்களின் அதே தெரு, அதே நடை, அதே தனிமை, கேமரா மட்டும் எதிர்ப்பக்கம்.

அறிக்கைகளில் சினிமாவின் ஆண் பார்வை பற்றிய லாரா மல்வியின் 1975ஆம் வருஷத்துக் கட்டுரையும், கரோல் க்ளோவர் 1987இல் எழுதியதும் தவறாமல் மேற்கோளாகிவிடுகின்றன. க்ளோவர் அம்மையார் இடைக்கால ஸ்காண்டிநேவிய இலக்கியம் படித்தவர், வெட்டுக்குத்துப் படங்களுக்குள் வந்தது ஒரு ஆச்சரியம். அவர் சொன்னதில் நம்மவர்கள் விட்டுவிடும் பாதி இதுதான்: கடைசியில் மிஞ்சும் பெண் வெறுமனே மிஞ்சுவதில்லை, கையில் கிடைத்ததை எடுத்துத் திருப்பி அடிக்கிறாள். அந்த நேரத்தில் தியேட்டரில் இருக்கும் பையன்களும் அவள் பக்கம் வந்துவிடுகிறார்கள். நம் குறும்படத்தில் அவள் கத்துவதோடு டைட்டில் ஓடத் தொடங்கிவிடுகிறது.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் மாதத்தில் மாணவிகள் இரவுப் படப்பிடிப்புக்குப் போகலாம் என்று வார்டனுக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். கூட ஒரு ஆசிரியை போகட்டும், திரும்பிவர வண்டி ஏற்பாடு செய்யுங்கள், பெற்றோரிடம் நீங்களே பேசுங்கள். பாலினச் சித்திரிப்புப் பத்தியை அதன் பிறகு எழுதச் சொல்லலாம்.