சமையலறை கேட்கும் ரகம்

மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டில் காலை உணவு என்றால் 'காயோ பிண்டோ'தான். சோற்றையும் வேக வைத்த சிவப்பு பீன்சையும் வெங்காயத்தோடு சேர்த்து எண்ணெயில் வதக்கி எடுப்பார்கள். இந்த பீன்ஸ் ராஜ்மா இனத்தைச் சேர்ந்தது. ஆனால் பருப்பு சிறியது. சோற்றில் செம்புள்ளி விழுந்தாற்போல் தெரிவதால் 'புள்ளிச் சேவல்' என்று பெயர் வந்தது. ஏழை, பணக்காரர் எல்லோர் வீட்டிலும் இதுவே உணவு. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் சத்தை பீன்ஸ் ஈடு செய்கிறது என்பதால் சத்திலும் குறையில்லை.

அந்தப் புள்ளியின் நிறம்தான் அங்குள்ள சிறு விவசாயியின் வருமானத்தை நிர்ணயிக்கிறது. வெளிர் சிவப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தால் சந்தையில் நல்ல விலை. கருஞ்சிவப்பாக இருந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார்.

தமிழ்நாட்டு உளுந்து வயல்களில் மஞ்சள் தேமல் நோய் செய்யும் சேதத்தை விவசாயிகள் அறிவார்கள். அதைப் போலவே வெள்ளை ஈ பரப்பும் தங்கத் தேமல் நோய் மத்திய அமெரிக்க பீன்ஸ் பயிரை வாட்டியது. இதைத் தாங்கி வளரும் டி.ஓ.ஆர். 364 என்ற ரகம் 1990-களில் விவசாயிகளுக்குக் கிடைத்தது. நோயைத் தாங்கியது, விளைச்சலும் தந்தது. ஆனால் பருப்பு கருஞ்சிவப்பு! மூட்டை கூடியும் விலை குறைந்தது. பின்னர் ஹோண்டுராஸ் நாட்டு சமோரானோ வேளாண் கல்லூரியில் உருவான, நோயையும் தாங்கி வெளிர் சிவப்புப் பருப்பையும் தரும் ரகம் ஒன்று 2002-ல் நிகராகுவாவில் 'இன்டா ரோஹோ' என்ற பெயரில் வெளியிடப்பட்டது.

நல்ல ரகத்தைக் கொடுத்தும் விவசாயி ஏற்க மறுக்கிறார், அது பிடிவாதம் என்று பேசும் வழக்கம் எல்லா நாட்டு ஆராய்ச்சித் துறைகளிலும் உண்டு. அது சரியல்ல. சிறு விவசாயி விளைந்ததில் ஒரு பகுதியை விற்று மறு பகுதியை வீட்டில் உண்கிறார். வேகும் நேரம், நிறம், ருசி ஆகியவற்றை வீட்டுப் பெண்களிடம் கேட்டறிந்த பிறகே ஒரு ரகத்தை வெளியிட வேண்டும். விறகு வாங்கி எரிப்பவர்களுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வேகும் பருப்பு நஷ்டக் கணக்குதான்.

மக்காச்சோளத்தின் கதை இன்னும் கடுமையானது. நிகராகுவா மக்களின் முன்னோர் அதைச் சுண்ணாம்பு அல்லது சாம்பல் கரைத்த நீரில் வேக வைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி அரைத்தார்கள். இன்றும் இம்முறை உள்ளது. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் இதனால்தான் உடலுக்குக் கிடைக்கிறது. ஐரோப்பியர் விதையை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளமே முழு உணவான ஏழைகள் பெலக்ரா என்னும் நோயில் விழுந்தார்கள். தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பலர் மாண்டார்கள்.

அந்த மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்து, இறைச்சி, அரிசி, உருளைக்கிழங்கு, தக்காளி வைத்து, வாழை இலையில் கட்டி மணிக்கணக்கில் வேக வைப்பது 'நாகதமால்'. பன்றியும் அரிசியும் ஸ்பானியர் கொண்டு வந்தவை. மாவும் முறையும் மண்ணுக்குரியவை. வறுத்த மக்காச்சோளத்தையும் கோகோவையும் அரைத்துக் கலக்கும் 'பினோலில்லோ' பானத்தைத் திருவோட்டுக்காய் ஓட்டில் ஊற்றிக் குடிப்பார்கள். 'பினோல் குடிப்பவர்கள்' என்று தங்களைப் பெருமையாகச் சொல்லிக் கொள்வதும் உண்டு. மரவள்ளிக் கிழங்கும் முட்டைக்கோசும் வைத்து வாழை இலையில் பரிமாறும் 'விகொரோன்' கிரனாடா நகரத்துக்காரர்களின் உணவு.

இவ்வளவு இருந்தும் நகரங்களில் கோதுமை ரொட்டிப் பழக்கம் பரவியது. கோதுமையோ அந்த வெப்ப நாட்டுக்கு ஏற்ற பயிரல்ல. 1981-ல் அமெரிக்க அரசு கோதுமைக் கடனை நிறுத்தியதும் ரொட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. கவிஞரும் பாதிரியாருமான எர்னெஸ்டோ கார்தெனால் தலைமையிலிருந்த பண்பாட்டு அமைச்சகம் அந்த ஆண்டே மக்காச்சோள உணவு விழாக்களை நடத்தியது. முயற்சி நல்லதே. ஆனாலும் விழா முடிந்தால் கூட்டம் மறுபடி ரொட்டிக்கடைக்குத்தான் போகும். கோதுமை இறக்குமதி இன்றும் நிற்கவில்லை.

நாகதமாலுக்கு மட்டும் கோதுமை மாவு உதவாது. சனி, ஞாயிறுகளில் அதைச் செய்து விற்கும் வீடுகளுக்கு வெள்ளை மக்காச்சோளம் வேண்டும். அதைப் பெரும்பாலும் பயிரிடுபவர்கள் மே மாத மழையை நம்பி விதைக்கும் சிறு விவசாயிகளே.