தலைமடையில் நீர் இருந்தால் போதுமா?

"பிரஷர் நார்மலுக்கு வந்துடுச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் ஏன் இன்னும் யூரின் போகலை?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று நாங்கள் சொல்லும் விடை அதற்குப் போதுமானதன்று.

பேராவூரணி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழ்கிறவர்கள். மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்த பிறகும் நம் வயல் காய்ந்து கிடப்பதுண்டு. பெரிய கால்வாயில் நீர்மட்டம் சரியாக இருக்கும். வயலுக்கு வரும் வாய்க்கால் தூர்ந்திருக்கும், அல்லது கரை உடைந்து நீர் வழியிலேயே வடிந்திருக்கும். திரையில் தெரியும் ரத்த அழுத்தம் பெரிய கால்வாயின் நீர்மட்டம் போன்றது. சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் உள்ளே சென்று ஆக்சிஜனைக் கொடுப்பவை, முடியைவிட மெல்லிய தந்துகிகள்.

செப்சிஸ் என்பது நோய்க்கிருமியை எதிர்க்கும் முயற்சியில் உடல் தன் உறுப்புகளையே சேதப்படுத்திக்கொள்ளும் நிலை. அப்போது தந்துகிகளின் உட்சுவர் பழுதடைகிறது. சில குழாய்கள் நுண்ணிய ரத்தக் கட்டிகளால் அடைபடுகின்றன. சிலவற்றில் நீர் கசிகிறது. நோயாளியின் முகமும் கால்களும் வீங்குவதைக் கண்டு அஞ்சுகிறீர்களே, அதற்கு இக்கசிவு ஒரு முக்கியக் காரணம்.

பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், செப்டிக் அதிர்ச்சிக்கு ஆளான 49 நோயாளிகளின் நாவின் அடியில் சிறு ஒளிப்படக் கருவியை வைத்து இக்குழாய்களை நாள்தோறும் நோக்கினர். பிழைத்தவர்களுக்கு நுண்குழாய் ஓட்டம் விரைவில் சீரடைந்தது. பல உறுப்புகள் செயலிழந்து இறந்தவர்களுக்கோ, அழுத்தம் மீண்டிருந்தபோதும் அது சீரடையவில்லை.

அக்கருவி எங்கும் கிடைப்பதன்று. ஆனால் விரல் எல்லோருக்கும் உண்டு. நுனியைப் பத்து விநாடி அழுத்திவிட்டால் வெளுக்கும். மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தென் அமெரிக்காவின் 5 நாடுகளில் 424 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இந்த விரல் சோதனையை வழிகாட்டியாகக் கொண்ட பிரிவில் 28 நாட்களுக்குள் 74 பேரும், லாக்டேட் என்னும் ரத்தப் பரிசோதனையைக் கொண்ட பிரிவில் 92 பேரும் இறந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், செலவே இல்லாத ஒரு சோதனையை நாங்கள் மணிக்கொரு முறை செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்று. "இன்னும் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்ற வேண்டுகோள். தொடக்கத்தில் திரவம் உயிர் காக்கும். கசியும் குழாய்களில் மேலும் மேலும் ஊற்றினால் அது நுரையீரலில் தேங்கும். நாங்கள் திரவத்தை நிறுத்துவது அலட்சியத்தால் அன்று.

வயலிலும் புதரிலும் வேலை செய்வோருக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் இந்த உட்சுவரையே நேராகத் தாக்குகிறது. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த புண் இருந்தால் அதைக் கூச்சமின்றிக் காட்டுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நோய் கடுமையானால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று காட்டியது. புண்ணைக் கண்டுகொண்டால் அம்மருந்தை முதல் நாளே தொடங்கிவிடலாம். மருந்துக் கடை மாத்திரையில் ஐந்தாறு நாள் கழிந்த பின் வருபவர்களிடம்தான் நாங்கள் தோற்கிறோம்.

காய்ச்சலோடு கைகால் சில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ இரவென்று பாராமல் அழைத்து வாருங்கள். முழங்காலைச் சுற்றித் திட்டுத் திட்டாக நிறம் மாறுவதும் ஓர் அறிகுறியே. நம் கருநிறத் தோலில் அது எளிதில் தெரியாது, ஆகவே தொட்டுப் பாருங்கள்.

உள்நோயாளியாக அனுமதித்த பிறகு, "பிரஷர் எவ்வளவு?" என்பதோடு, "விரலை அழுத்திப் பார்த்தீர்களா?" என்றும் எங்களைக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.