நீர்க் கட்டணமும் வாடகை வீடுகளும்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இடையே மூளும் பிணக்குகளுக்கு வாடகை உயர்வு மாத்திரம் காரணமாக இருப்பதில்லை. தண்ணீர்க் கட்டணப் பட்டியலும் அதற்குக் காரணமாகி வருகின்றது. மாதந்தோறும் ஓர் அளவுக்குள் அடங்கியிருந்த கட்டணம் திடீரென மூன்று, நான்கு மடங்காக வந்துசேரும்போது உரிமையாளர் குடியிருப்பவரைச் சந்தேகிக்கின்றார். குடியிருப்பவரோ பழுதடைந்த குழாய்களைக் காட்டி உரிமையாளரைக் குறைகூறுகின்றார். இருவரும் செலுத்தாதிருக்க நிலுவை பெருகி, இறுதியில் இணைப்பே துண்டிக்கப்படும் நிலை உருவாகின்றது.

இப்பிணக்கு இன்று கூர்மையடைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணங்கள் 2012ஆம் ஆண்டிலிருந்து சுமார் பத்து வருடங்கள் மாற்றமின்றி இருந்தன. நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்குண்ட 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவை உயர்த்தப்பட்டன. 2023 ஓகஸ்டில் மீண்டும் உயர்த்தப்பட்டன. 2024 ஓகஸ்டில் வீட்டுப் பாவனைக்கான கட்டணம் 7 வீதத்தால் குறைக்கப்பட்ட போதிலும், நெருக்கடிக்கு முந்திய நிலைக்கு அது திரும்பிவிடவில்லை. முன்னர் சில நூறு ரூபாவுடன் கவனிக்கப்படாமல் கடந்துபோன ஒரு சிறு கசிவு, இப்போது ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே குலைக்கும் தொகையாகிவிடுகின்றது.

கட்டணம் கணிக்கப்படும் முறையையும் நாம் இங்கு நோக்க வேண்டும். ஓர் அலகு என்பது ஆயிரம் லீற்றர். பாவனை கூடக் கூட அடுத்தடுத்த அலகுகளுக்கான விலை படிப்படியாக ஏறுகின்றது. மாதாந்த நிலையான கட்டணமும் அவ்வாறே உயர்கின்றது. குறைவாகப் பாவிக்கும் ஏழைக் குடும்பங்களைக் காப்பதும் வீண்விரயத்தைத் தடுப்பதுமே இம்முறையின் நோக்கமாகும். அந்நோக்கம் நியாயமானதே. ஆனால், மேல்மாடியில் ஒரு குடும்பமும் கீழ்மாடியில் ஒரு குடும்பமுமாக இருவர் ஒரே மானியில் தங்கியிருக்கும் வீட்டில் அது நேர்மாறான விளைவைத் தருகின்றது. தனித்தனி மானி இருந்தால் தலா 15 அலகுகள் பாவிக்கும் இரு குடும்பங்களுக்கும் மலிவான ஆரம்பப் படிகள் இருமுறை கிடைக்கும். ஒரே மானியில் அவை ஒருமுறையே கிடைக்கின்றன. எஞ்சிய அலகுகள் அனைத்தும் உயர்ந்த விலைப் படிகளில் விழுகின்றன. சிக்கனமாக வாழும் இரு குடும்பங்கள், தண்ணீரை விரயமாக்கும் ஒரு குடும்பமாகக் கணிக்கப்படுகின்றன. அறைகளாகப் பிரித்து மாணவர்களுக்கும் தொழில்புரிவோருக்கும் கொடுக்கப்பட்ட வீடுகளின் நிலை இதைவிட மோசமானது.

எதிர்பாராத உயர்வுக்குப் பெரும்பாலும் காரணமாவது கண்ணுக்குத் தெரியாத கசிவேயாகும். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீதம் கசியும் குழாயொன்று ஒரு நாளில் 1,440 லீற்றரையும் முப்பது நாட்களில் 43,200 லீற்றரையும் வெளியேற்றிவிடும். அதாவது, எவரும் பாவிக்காத 43 அலகுகள் பட்டியலில் ஏறிவிடுகின்றன. மலசலகூடத் தாங்கியின் வால்வு சரியாக மூடாதிருத்தல், கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியின் மிதவை பழுதடைந்து நீர் வழிதல், நிலத்தடிக் குழாய் வெடித்திருத்தல் என்பனவே வழமையான காரணங்கள். குடியிருப்பவர் கூரைக்கு ஏறிப் பார்ப்பதில்லை. உரிமையாளர் அவ்வீட்டில் வசிப்பதுமில்லை. சொந்த வீடாயின் ஓரிரு நாட்களில் தெரியவரும் பழுது, வாடகை வீட்டில் பட்டியல் வரும்வரை மறைந்துகிடக்கின்றது.

பூட்டிய படலைக்குள் மானி இருக்குமாயின் வாசிப்பாளர் திரும்பிச் சென்றுவிட, சராசரிக் கணிப்பிலேயே பட்டியல் வருவதும் உண்டு. சில மாதங்களின் பின்னர் உண்மையான வாசிப்பு எடுக்கப்படும்போது, விடுபட்ட அலகுகள் யாவும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. இதற்கிடையில் குடியிருந்தவர் வீடு மாறிச் சென்றிருந்தால் சுமை முழுவதும் உரிமையாளரின் தலையிலேயே விழுகின்றது. எம்மவர் வீடுகள் பலவற்றின் உரிமையாளர்கள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழ்கின்றார்கள். இணைப்போ காலஞ்சென்ற தந்தையின் பெயரிலேயே இன்னமும் இருக்கின்றது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்குச் சபையுடன் பேசுவதற்கும் வழியில்லாமல் போகின்றது.

எனவே, யார் செலுத்துவது என்ற கேள்விக்குத் தெளிவான ஒரு நியதி வேண்டும். பாவித்த நீருக்குக் குடியிருப்பவரும், சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் இருக்கும் குழாய்களின் பழுதால் ஏற்பட்ட இழப்புக்கு உரிமையாளரும் பொறுப்பேற்பதே முறையாகும். எனினும், கசிவைக் கண்டும் அறிவிக்காதிருந்த குடியிருப்பாளரும், அறிவித்த பின்னரும் திருத்தாதிருந்த உரிமையாளரும் தத்தமது மௌனத்தின் விலையைத் தாமே ஏற்க வேண்டும். இந்நியதி வாடகை உடன்படிக்கையில் எழுத்தில் இடம்பெறுவது அவசியம். வீட்டை ஒப்படைக்கும் நாளில் மானி வாசிப்பை இருவரும் குறித்துக் கையொப்பமிட்டுக்கொள்வதும், உள்ளே தனித்தனி உப மானிகளைப் பொருத்துவதும் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தாங்கிகள் நிரம்பிய பின்னரும் மானியின் சிறு சக்கரம் சுழல்கின்றதா என மாதமொரு முறை பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும்.

கோபத்தில் சில உரிமையாளர்கள் தண்ணீரை நிறுத்திக் குடியிருப்பவரை வெளியேற்ற முற்படுவதை எவ்வகையிலும் ஏற்கமுடியாது. குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் தண்ணீர் ஒரு மிரட்டல் ஆயுதமாகக் கூடாது. அதேவேளை, வாடகை வருமானத்தை மாத்திரம் நம்பி வாழும் ஓய்வூதியர்களும் விதவைகளும் உரிமையாளர்களாக இருப்பதை மறந்துவிடலாகாது. குத்தகைக் காலம் முடிந்த வீடுகளை மீளப் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆனால், குடியிருப்புக் காலத்தில் எழும் இத்தகைய சிறு பிணக்குகளுக்காக எவரும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்க முடியாது. இவற்றை ஆரம்பத்திலேயே தீர்ப்பதற்கு இணக்கசபைகள் பயன்படுத்தப்பட வேண்டும்.

நீர் வழங்கல் சபையின் கடப்பாடும் சிறியதல்ல. மானிக்கு உட்புறமான கசிவு பாவனையாளரின் பொறுப்பு எனக் கூறி ஒதுங்குவது எளிது. ஆனால், கடந்த தசாப்தத்தின் தொடக்கத்தில் கொழும்பு மாநகருக்குள் விநியோகிக்கப்பட்ட நீரில் ஏறத்தாழ அரைப்பங்கு, சபைக்கு வருமானம் எதனையும் தராமலே போய்க்கொண்டிருந்தது. பழைய குழாய்களை மாற்றி அவ்விழப்பைக் குறைப்பதற்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவி வேண்டியிருந்தது. நிபுணர்களையும் கருவிகளையும் கொண்ட சபைக்கே இத்தனை கடினமாக இருந்த காரியத்தை, ஒரு வீட்டுக்காரர் பட்டியல் வரும் முன்னரே செய்து முடித்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது. வழமைக்கு மாறாக வாசிப்பு உயரும்போது உரிமையாளர், குடியிருப்பவர் ஆகிய இருவரின் கைத்தொலைபேசிக்கும் எச்சரிக்கை அனுப்பலாம். கசிவு திருத்தப்பட்டமை உறுதியானால், விரயமான அலகுகளுக்கு உயர்ந்த படியின் விலையை அறவிடாதிருக்கலாம். ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பங்கள் தனித்தனி இணைப்பைப் பெறும் நடைமுறையையும் இலகுவாக்க வேண்டும். இவை பற்றிய விதிகள் மும்மொழிகளிலும் மக்கள் அறியக்கூடியவாறு வெளியிடப்படுவதும் அவசியமாகும்.

இது கொழும்புக்கு மாத்திரம் உரிய பிரச்சினையாக நீடிக்கப்போவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்தில் 2024 ஓகஸ்டில் தாளையடி கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. குழாய் நீர் வீடுகளுக்குள் வரும்போது மானியும் கூடவே வருகின்றது. அள்ள அள்ளக் கணக்கில்லாத கிணற்றைப் பகிர்ந்து பழகிய உரிமையாளரும் குடியிருப்பாளரும், அலகுக்கு விலை கொடுக்கும் நீரைப் பகிர்வதற்கான ஒழுங்குகளை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகும்.

நீருக்குரிய விலையைச் செலுத்த மறுப்பவர் அதிகமில்லை. தாம் பாவிக்காத நீருக்கும் தம்மால் அறியமுடியாத பழுதுக்கும் தண்டம் செலுத்துவதையே மக்கள் அநீதியாகக் கருதுகின்றார்கள். அந்த அநீதியைக் களைவதற்குப் பெரும் நிதியோ புதிய பாரிய திட்டங்களோ தேவையில்லை. உரிமையாளரும் குடியிருப்பவரும் ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளும் ஓர் ஒழுங்கும், சபை உரிய நேரத்தில் விடுக்கும் ஓர் எச்சரிக்கையுமே போதுமானவை. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இதில் தாமதமின்றிக் கவனம் செலுத்துவார்கள் என எதிர்பார்க்கின்றோம்.