ரிங்லெட்டில் சேரும் மண்

மலேசியாவின் கேமரன் மலையில் 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை, மேலேயுள்ள சரிவுகளின் வண்டல் தூர்த்துக்கொண்டே இருக்கிறது. தூர் வார வாரச் சேர்கிறது. இடம் குறைந்த தேக்கம் பெருமழையைத் தாங்காது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் போயின. அணையோடு நின்றுவிடும் பொறியியல் பாடம் இதற்குப் போதாது. மண், பயிர், மழை, நிலச்சட்டம் எல்லாம் சேர்ந்த நீர்ப்பிடிப்பு அறிவியலைப் பல்கலைக்கழகங்கள் தனிப் படிப்பாகவே நடத்த வேண்டும். "குறை படிப்பில் இல்லை, சட்ட அமலாக்கத்தில்தான்" என்பார்கள். பாதி உண்மை. ஆனால் எந்தச் சரிவில் எதைத் தடுப்பது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டுமே! அடர்ந்த தேயிலைப் புதர் மழைத்துளியின் அடியைத் தானே வாங்கி மண்ணைக் காக்கும். கவாத்து முடிந்த தோட்டமும் இளங்கன்று நட்ட சரிவும் அந்த அளவுக்குக் காக்காது. காய்கறிக்காக வெட்டித் திறந்த நிலம் இன்னும் மோசம். இந்த வேறுபாடு தெரியாமல் போடும் ஒட்டுமொத்தத் தடை சிறு விவசாயியைத்தான் முதலில் அடிக்கும். ஓடைகளை அருகிருந்து பார்த்து வளர்ந்த தோட்டப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் உதவித்தொகையோடு இடம் தரலாம். படித்து முடித்தவர்கள் மலைக்கே திரும்ப, அங்கே அரசுப் பணியிடமும் வேண்டும்.