மூட்டை மாற்றிவிட்டார்கள், வேலையை மாற்றுவது யார்?

“இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குனிந்து எதையும் எடுக்காதே. பாரம் தூக்காதே. வீட்டில் மேல்நாட்டுக் கக்கூஸ் இருக்கிறதா?”

டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் கேட்ட கேள்வி இது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தஞ்சைப் பக்கத்து விவசாயத் தொழிலாளி. அவருக்கும் என்னைப்போல் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “அண்ணே, கக்கூஸே இல்லை. அதில் மேல்நாடென்ன, கீழ்நாடென்ன?” என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் காதில் விழுந்ததோ என்னவோ, அவர் நிமிரவில்லை. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் வாஸ்தவம். ஆனால் அவர் சொன்னபடி நடக்க வேண்டுமானால் எங்கள் இருவருக்கும் வேறு வீடும் வேறு வேலையும் வேண்டும். அதை எந்த மருந்துக் கடையில் வாங்குவது?

நான் பஞ்சாலையில் 26 வருஷம் சைடு பார்த்தவன். எட்டு மணி நேரமும் நின்றபடி, நடந்தபடி வேலை. இடது இடுப்பில் வலி கண்டு, நொண்டி நொண்டி இரண்டு வருஷம் ஓட்டினேன். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துவிட்டது என்று கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது. இந்த வியாதி நம் ஜனங்களில் நடுவயதுக்காரர்களை, அதற்கும் இளையவர்களைக்கூடப் பிடிக்கிறது. காரணங்களில் குடியும் ஒன்று. கோபித்துக் கொள்ளாதீர்கள் தோழர்களே, சொல்லத்தான் வேண்டும். மூட்டுவலி, ஆஸ்துமா என்று போனால் சீட்டில்லாமல் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் இன்னொரு காரணம். அடிபட்டு எலும்பு முறிவதும் உண்டு. வருஷக்கணக்காகப் பாரம் சுமந்து மூட்டு தேய்ந்து போவதும் உண்டு.

இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றி ஒரு செய்தி. பிரிட்டனில் பத்து வருஷமோ அதற்கு மேலோ விவசாயத்தில் உடலுழைப்பு செய்தவனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்தால், அது தொழிலால் வந்த நோய் என்று சர்க்காரின் பட்டியலிலேயே இருக்கிறது. அதற்கு உதவித்தொகை கேட்கலாம். நம் ஊரில் அதே மனுஷன் அதே வேலையைச் செய்து அதே மூட்டைத் தேய்த்துக்கொண்டால் அதற்குப் பெயர் ‘வயசாயிடுச்சு’.

நம் இடுப்பில் வைக்கும் இந்த மூட்டின் கதை மில் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய கதை. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைப் பிரதேசம். அங்கே ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு வைத்தபின் அது சில வருஷங்களிலேயே தேய்ந்து கெட்டது. பிறகு 1962ல் ஒரு விற்பனைக்காரர் ஒரு புது பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். லங்காஷயர் தறிகளில் பல்சக்கரம் செய்ய உபயோகித்த பாலிஎதிலீன் அது. சார்ன்லி அதைப் பார்த்துவிட்டு, இது உதவாது என்று ஒதுக்கினார். பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன் மட்டும் விடவில்லை. சர்ஜன் வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்துத் தேய்மான யந்திரத்தில் அதை மாட்டி, இரவும் பகலும் ஓடவிட்டார். தேய்மானம் ஏறக்குறைய இல்லை! திரும்பி வந்த சார்ன்லி தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். அந்தப் பெருமை அவருக்கும் உண்டு. 1962 நவம்பரில் அந்தக் கிண்ணத்தை முதன்முதலாக மனுஷனுக்கு வைத்தார்கள். தறிச் சக்கரத்துப் பிளாஸ்டிக்தான் இன்று உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்களின் இடுப்பில் இருந்து அவர்களை நடக்க வைக்கிறது. என் இடுப்பிலும் அதன் வம்சம்தான்.

இப்படி வைத்த மூட்டு 25 வருஷத்துக்குப் பிறகும் நூற்றில் 58 பேருக்குத் தாங்குகிறது என்று 2019ல் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஆபரேஷன் என்றதும் பயந்து ஓடாதீர்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து என்னை நிற்க வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாகத் தூங்கவிடாத வலி அன்றைக்கே போய்விட்டது. ஆபரேஷன் காயத்தின் வலி வேறு. அது நாளாக நாளாக ஆறும்.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான பாடு. எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன். அப்படிச் செய்தால் முதல் ஆறு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம், இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடுவதும், பாதத்தை உள்பக்கம் திருப்புவதும் ஆகாது. மீறினால் மூட்டு கழன்றுவிடலாம். எங்கள் கட்டில் தாழ்வானது. அதன் கால்களுக்கடியில் செங்கல் அடுக்கி உயர்த்தினோம். பழைய மர நாற்காலியின் நடுவில் ஆசாரியை விட்டு ஓட்டை போடச் செய்து, கக்கூஸ் பீடத்தின் மேல் வைத்தோம். இரவில் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. கம்பை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஆடுதசை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, தையலில் நீர் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, மந்திரிக்கப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பிஸியோதெரபிக்கு பஸ்சேறி அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. கேட்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று. வைத்த மூட்டு எந்தக் கம்பெனியுடையது, என்ன நம்பர் என்று காட்டும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ கம்பெனி உலோகத்தோடு உலோகம் உரசும் ‘ஏ.எஸ்.ஆர்.’ மூட்டை விற்றது. உலோகத்தூள் ரத்தத்தில் கலந்து பலருக்குக் கேடு வந்தது. 2010ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது வைக்கப்பட்டிருந்தது. நஷ்டஈட்டுக்கு சர்க்கார் வழி சொன்னது 2018ல்தான். அப்போது பார்த்தால், நோயாளிகளில் பெரும்பாலோரின் விலாசமே கிடைக்கவில்லை!

இனி வேலைக்கு வருவோம். மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாகக் கூலியில் நூற்றுக்கு 70, வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். காண்ட்ராக்ட் ஆளுக்கும் சந்தா போய்ச்சேர வேண்டிய பொறுப்பு மில் முதலாளியுடையதே. தஞ்சைத் தோழருக்கோ ஒரு நாள் உதவிகூடக் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு ஆபரேஷன் இலவசமாக நடந்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தக் காப்பீடு மூட்டுக்கு, வயிற்றுக்கல்ல. மூன்று மாதம் அவர் வீட்டில் உலை கொதிக்க யார் பொறுப்பு?

91 நாள் முடிந்து நான் மில்லுக்குப் போனபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? “பழைய வேலையைப் பழையபடி செய்ய முடியுமானால் வா. முடியாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்.” 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. சர்க்கார் ஊழியர் ஒருவர் வேலையிலிருக்கும்போது ஊனமுற்றால் அவரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். நியாயமான விதி. ஆனால் அது சர்க்கார் நிறுவனத்தோடு நின்றுவிட்டது. ஆபீசில் தேய்ந்த இடுப்புக்கு ஒரு நியாயம், ரிங் பிரேமில் தேய்ந்த இடுப்புக்கு ஒரு நியாயமா?

சங்கம் இரண்டு மாதம் பேசியது. இப்போது நூல் எடை பார்க்கும் மேஜையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். கூலியில் ஒரு துண்டு விழுந்துவிட்டது. அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது தயவினால் கிடைத்ததாக இருக்கக் கூடாது என்பதே என் வாதம். ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் சான்றின்படி இலகு வேலை, அதே கூலி, உட்கார ஆசனம், மேல்நாட்டுக் கக்கூஸ் ஒன்றாவது — இவற்றை அடுத்த கூலி ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். கிராமங்களில் விவசாயத் தொழிலாளிக்கு ஆபரேஷனோடு சேர்த்து மூன்று மாத ஜீவனத் தொகையும், கக்கூஸ் கட்டப் பணமும் கேட்க வேண்டும்.

தஞ்சைத் தோழருக்கு இடையில் ஒரு நாள் போன் செய்தேன். அப்போது ஆபரேஷன் ஆகி ஏழாவது வாரம். நடவு வேலைக்குப் போகிறாராம். எனக்குத் திக்கென்றது. “குனியவில்லை அண்ணே, டாக்டர் சொன்னது ஞாபகமிருக்கிறது. வரப்பில் நாற்றுக்கட்டுதான் சுமக்கிறேன்” என்றார்.