செவிச்செல்வம் காப்போம்

கேள்வியால் வரும் அறிவைச் சிறந்த செல்வமாக மதித்தவர் நம் முன்னோர். ஆயினும், கேட்கத்தக்கவற்றுள் இனியதாகிய இசை, பாடுவோர் வாய் மூடியவுடன் காற்றோடு கலந்துவிடும் இயல்புடையது. ஏட்டில் எழுதிய பாட்டு எஞ்சி நிற்கும். பாடிய குரல் எஞ்சி நிற்பதில்லை. அக்குரலையும் நிறுத்தி வைக்கும் வழியை இசைத்தட்டு காட்டியது. 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுத் தட்டில் பதியப்பெற்றது. பின்னர்த் தமிழ்நாட்டு இசைவாணர் பலரும் பதிவு செய்தனர். நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரலை, அவர் 1980இல் மறைந்த பின்னும் நாம் கேட்டு மகிழ்வது இக்கலையின் பயனே அன்றோ?

ஆனால், அப்பழைய தட்டு அரக்கினால் ஆயது, கைதவறினால் உடையும். அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். அதனைச் சுழற்றும் கருவியும் இன்று அரிதாகிவிட்டது. ஆதலின், ஆர்வலர் சிலர் அத்தட்டுகளைத் தேடித் தொகுத்து, கணினியில் ஏற்றி, யாவரும் பொருள் கொடாமல் கேட்குமாறு இணையத்தில் வைத்துள்ளனர். விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம் இத்தகையது. ஏழை மாணவனும் பெரும்புலவர் இசையைத் தன் சிற்றூரிலிருந்தே கேட்கலாம் என்றால், இதனினும் சிறந்த அறம் யாது?

இத்தகைய இசை நூலகங்களின் எதிர்காலம் உறுதியாக இல்லை என்பதே நம் கவலை. 1996இல் புரூஸ்டர் கேல் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளிலிருந்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைத் திரட்டியது. 2023இல் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அதன்மீது வழக்குத் தொடுத்துக் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கேட்டன. 2025 செப்டம்பரில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. உடன்பாட்டின் விவரம் வெளியிடப்படவில்லை. இடையே 2024 அக்டோபரில், இணையத் திருடர் தாக்கியதால் அக்காப்பகம் பல நாள் மூடிக் கிடந்தது. வழக்கு ஒருபுறம், திருட்டு மறுபுறம். நடுவில் நிற்பது நூலகம்.

“உழைத்துப் பாடியவன் பயன் பெற வேண்டாவா?” என்று சிலர் வினவுவர். பெறவே வேண்டும். பிறர் உரிமையைக் கவர்ந்து இலவசமாக வழங்குதல் அறமாகாது. இதனை எண்ணியே நம் நாட்டுச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு நிற்கும். பாட்டு இயற்றியவர் உரிமை, அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். அதற்குப் பின் அது பொதுச்சொத்து. எனினும், ஒரு தட்டின் பாட்டை இயற்றியவர் யார், இசை அமைத்தவர் யார், அவர் மறைந்த ஆண்டு யாது என்பன தெரியாவிடில், உரிமை முடிந்ததா என்பதும் தெரியாது. கேட்க ஆளின்றியும் திறக்க வழியின்றியும் எத்தனையோ தட்டுகள் கிடக்கின்றன.

தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என்று கூறப்பட்டது என்றும், அரசன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். திறந்தபோது ஏடுகளிற் பல செல்லரித்துப் போயிருந்தன. உரியவரை மதித்தல் வேண்டும். ஆனால், செல்லரிக்கும்வரை காத்திருத்தல் ஆகாது. இவ்விரண்டையும் இக்கதை ஒருங்கே உணர்த்துகின்றது.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் வழங்கும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதனைக் கைம்மாறு கருதாது விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை அரசு கவிஞர் குடும்பத்தார்க்குப் பொருள் அளித்து நூலுரிமையைப் பெற்றது. பின்னர் 1955இல் அதனை மக்களுக்குப் பொதுவாக்கியது. உரியவரும் மதிக்கப்பெற்றனர், பாட்டும் நாட்டுடைமையாயிற்று. நூலுக்குச் செய்த இந்நன்மையைக் குரலுக்கும் செய்தல் வேண்டும்.

அரசு உரிமைக்காலம் முடிந்த பதிவுகளின் பட்டியலைத் தொகுத்து வெளியிடுதல் வேண்டும். பதிவுகளின் படிகளை ஓரிடத்தில் மட்டும் வையாமல் பல நூலகங்களிலும் வைத்தல் வேண்டும். விற்பனைக்கு உரியவற்றை வணிகர் காப்பர். விலைபோகாத பழமையைப் பொதுமக்களே காத்தல் வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சூலூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் பழைய தட்டுகள் உறங்குகின்றன. அவற்றை எடைக்குப் போடவிடாதீர்கள். தட்டின் நடுவில் அச்சிட்ட பெயரையும் எண்ணையும் ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். பின்னாளில் நூலகம் அமைப்போர்க்கு அச்சிறு குறிப்பே பூட்டைத் திறக்கும் திறவுகோலாகும்.