பெயரைக் கேட்டீர்களா?

வெளிநாடு சென்று திரும்பும் நண்பர்கள் நூற்றுக்கணக்கில் படங்களைக் காட்டுகிறார்கள். கோபுரங்களுக்கெல்லாம் பெயர் சொல்கிறார்கள். படத்திலிருக்கும் மூதாட்டி யாரென்றால் விழிக்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகளை மட்டும் குறை சொல்வானேன்? 1984இல் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி ஒரு சிறுமியைப் படமெடுத்தார். 1985 ஜூன் மாத நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் வெளியான அந்தப் பச்சைக் கண்களை உலகமே அறிந்தது. ஷர்பத் குலா என்ற பெயரை 2002இல்தான் அறிந்தது. அதுவரை அவர் வெறும் 'ஆப்கான் சிறுமி'. அப்படத்தை அவரே முதன்முதலாகக் கண்டதும் அவ்வாண்டில்தான்!

படத்தின்கீழ் பெயர் எழுதுவது பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடி. பயணிகளுக்கு மட்டும் விலக்கு எதற்கு? மொழி தெரியாதென்பது சாக்கு. நெஞ்சில் கைவைத்து உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எதிரில் நிற்பவரும் பெரும்பாலும் தமது பெயரைச் சொல்வார். எடுத்த படத்தை அவருக்கும் காட்டுங்கள்.